முவைலாவில் ஓர் இத்தாலியச் சுவர்: நேசமலர் டீச்சர் நினைவாக

ஓமானின் சோஹாரிலிருந்து நேசமலர் டீச்சரின் தம்பி ஜெயசீலன் அழைத்தபோது நான் ஷார்ஜா நீதிமன்ற வளாகத்தில் என் பத்திரிகைக்காக ஒரு தீர்ப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். "அண்ணை, சுகமோ?" என்றுதான் அவர் எப்போதும் பேச்சை ஆரம்பிப்பார். அன்று அது இல்லை. "அக்கா மோசம் போயிட்டா, அண்ணை" என்றார். காலையில் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. உடலை ஊருக்கு அனுப்பப் போகிறீர்களா என்று கேட்டேன். "அம்மா வன்னிக்குள்ளை, அண்ணை. ஆறு கிழமையா லைன் இல்லை. ஆருக்கு அனுப்பிறது?" என்றார். வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஹத்தா எல்லையைக் கடந்து சோஹார் போனேன். அடக்கத்துக்கு ஜெயசீலனின் குடும்பமும், அவருடன் துறைமுகத்தில் வேலை செய்யும் சிலரும், ஒரு மலையாளப் போதகரும் வந்திருந்தார்கள். நேசமலர் டீச்சரை டீச்சராகப் பார்த்தவர்கள் அங்கே நானும் அவருடைய தம்பியும் மட்டும்தான். மற்றவர்களுக்கு அவர் ஒப்பந்தக் கம்பெனி அலுவலகத்தில் வருகைப் பதிவைப் பார்த்துக்கொண்ட, அதிகம் பேசாத ஓர் இலங்கைப் பெண்மணி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். போர் காரணமாக வளைகுடாவுக்கு வந்து, முதலில் ஓர் அரபு வீட்டில் வேலை செய்தார். பிறகு துபாயில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி நடத்திய நர்சரியில் உதவியாளராகச் சேர்ந்தார். உதவியாளர் என்றால் மூக்குத் துடைப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுப்பது. பாடம் சொல்லும் வேலை மற்றவர்களுடையது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. "மூக்குத் துடைக்கேக்கைதான் பிள்ளையள் உண்மையைக் கதைக்கிறது" என்பார்.

நான் அவரைச் சந்தித்தது விமான நிலையத்தில். 2005-இன் தொடக்கம். இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற ஊரின் பாலர் பள்ளிகளைப் பார்க்க அந்த நர்சரியின் ஆசிரியைகள் போனார்கள். எங்கள் பத்திரிகையின் வார இணைப்பு என்னையும் உடன் அனுப்பியது. கடைசி நேரத்தில் ஓர் ஆசிரியையால் வர முடியாமல் போக, அந்த இடம் நேசமலர் டீச்சருக்குக் கிடைத்தது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வாங்க அவர் பட்ட பாட்டைப் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். திரும்பி வந்துவிடுவேன் என்று தூதரகத்தில் அத்தனை தடவை சத்தியம் செய்தாராம். "கலியாணத்திலை கூட ஆரும் இவ்வளவு வாக்குக் குடுக்கிறேல்லை."

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரெஜியோ எமிலியாவுக்குப் போவதில்லை. ரயில் அங்கே நிற்கும், பயணிகள் இறங்குவதில்லை. தட்டையான சமவெளி, கோதுமை வயல், பாலாடைக்கட்டிக் கிடங்குகள். இத்தாலியின் மூவண்ணக் கொடி பிறந்தது இந்த ஊரில்தான் என்று வழிகாட்டி சொன்னார். எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் போன வாரம் முழுக்க மூடுபனி. சைக்கிளில் போகிறவர்கள் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே மறைந்தார்கள். துபாய்க்காரர்களான நாங்கள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நடந்தோம்.

பள்ளிகளுக்குள் போனதும் ஆசிரியைகள் எல்லோரும் புகைப்படம் எடுக்க ஆரம்பித்தார்கள். மேசைகள், கண்ணாடிகள், வெளிச்சம் விழும் ஜன்னல்கள். நேசமலர் டீச்சரிடம் கேமரா இல்லை. அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே சமையலறை கட்டடத்தின் நடுவே, கண்ணாடிச் சுவருக்குள் இருந்தது. சமைப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம், பிள்ளைகளைச் சமையல்காரர் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு மூன்று வயதுக் குழந்தைகள் பீங்கான் தட்டும் கண்ணாடி டம்ளரும் எடுத்துவந்து மேசையில் வைத்தார்கள். எங்கள் ஆங்கிலேயப் பெண்மணி பதறிப்போய், உடைந்துவிடாதா என்று கேட்டார். உடையும், கூட்டி அள்ளுவோம் என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பதில் வந்தது. நேசமலர் டீச்சர் என் பக்கம் திரும்பி, "இதிலை ஒரு தத்துவமும் இல்லை பாத்தீங்களே. விளக்குமாறு இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

அவரைக் கட்டிப்போட்டது அங்கிருந்த சுவர்தான். அந்தப் பள்ளிகளில் எழுத்து அட்டைகள் கிடையாது. பிள்ளைகள் பேசியதை ஆசிரியர்கள் பேசியபடியே எழுதி, அவர்கள் வரைந்ததற்கும் செய்ததற்கும் பக்கத்தில் சுவரில் வைக்கிறார்கள். பெற்றோரும் ஊராரும் வந்து நின்று வாசிக்கிறார்கள். அந்த வாரம் ஒரு வகுப்பு மூடுபனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். பனி காலையில் எங்கள் தெருவை மறந்துவிட்டது என்று ஒரு பிள்ளை சொல்லியிருந்தது. இல்லை, தெருதான் தன்னை மறந்துவிட்டது என்று இன்னொன்று. நேசமலர் டீச்சர் அதன் முன் வெகுநேரம் நின்றார். குழு அடுத்த அறைக்குப் போய்விட்டது. "ஷார்ஜாவிலையும் மார்கழியிலை இப்பிடிப் பனி வருது, அண்ணை" என்றார். "நாங்கள் ஒரு பிள்ளையிட்டையும் கேட்டதில்லை. இவையள் கேக்கினம். கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கினம்."

கடைசி நாள் அந்தப் பள்ளிகள் எப்படித் தொடங்கின என்று சொன்னார்கள். உலகப் போர் முடிந்த கையோடு, பக்கத்துக் கிராமமொன்றில், ஜெர்மானியர் விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, குண்டு விழுந்த வீடுகளின் செங்கல்லைப் பொறுக்கி, ஊர் மக்களே முதல் பள்ளியைக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் குழு கைதட்டியது. நேசமலர் டீச்சர் தட்டவில்லை. வெளியே வந்ததும், "எங்கட ஊரிலையும் டாங்கி நிக்குது. வாங்கத்தான் ஆள் இல்லை" என்றார். சிரிக்க வைக்கச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு முன்னால் பேருந்து நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்துபோனார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் துபாய் வேலையை விட்டுவிட்டு ஷார்ஜாவின் முவைலா பகுதியில் ஒரு வில்லாவின் கீழ்த்தளத்தில் சொந்தமாக நர்சரி ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற எமிராத்தி ஆசிரியை ஒருவர் கஃபீலாக, அதாவது சட்டப்படியான உள்ளூர்ப் பொறுப்பாளராக, இருந்து உரிமம் எடுத்துக் கொடுத்தார். எலெக்ட்ரீஷியன், டைப்பிஸ்ட், கடை சூப்பர்வைசர் ஆகியோரின் பிள்ளைகள். தமிழ், மலையாளம், உருது பேசுகிற வீடுகள். சமையலறைக்குக் கண்ணாடிச் சுவர் வைக்க வசதியில்லை. கதவைக் கழற்றிவிட்டார். பழைய சாமான் சந்தையில் பீங்கான் தட்டு வாங்கினார். ஒரு முழுச் சுவரை வெள்ளையடித்துக் காலியாக விட்டார். பிள்ளைகள் பேசப் பேச அது நிரம்பியது.

பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. எல்லோருடைய கவலையும் கே.ஜி. இன்டர்வியூதான். அறந்தாங்கிப் பக்கத்துச் செல்வி, மகள் தர்ஷினியைக் கொண்டுவந்து விட்ட இரண்டாம் வாரமே சண்டைக்கு வந்தார். "மண்ணுல விளையாடறதுக்கு இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வரணுமா டீச்சர்? அறந்தாங்கியில இல்லாத மண்ணா?"

"மண் அங்கையும் இருக்குதான். அவள் கேக்கிற கேள்விக்கு நிண்டு பதில் சொல்ல ஆள் இருக்கோ?"

"இங்க மட்டும் என்ன, அவ அப்பா நின்னு பதில் சொல்றாராக்கும்" என்று செல்வி முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் பிள்ளையை நிறுத்தவில்லை. தர்ஷினி வாயாடி. வீட்டில் பேசக்கூடாது என்று அடக்கப்பட்ட பிள்ளை. ஏன் அடக்கினார்கள் என்பதற்குக் காரணம் இருந்தது.

செல்வியின் கணவர் முருகேசன் ஏ.சி. டக்ட் வேலையில் ஃபோர்மேன். குடும்ப விசா எடுக்கும் அளவுக்குச் சம்பளம். தனி வீடு எடுக்கும் அளவுக்கு இல்லை. ஆகவே அவர்கள் ஷேரிங்கில் இருந்தார்கள். ஷீலா என்ற நர்ஸ் தன் பெயரில் எடுத்திருந்த ஒரு வில்லாவைப் பலகையால் தடுத்து, பல குடும்பங்களுக்கு விட்டிருந்தார். இது அனுமதியில்லாதது. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. வளைகுடாவில் ஒருவரிடம் சம்பளத்தைக்கூடக் கேட்டுவிடலாம், வில்லாவில் எத்தனை பேர் என்று கேட்கக்கூடாது. டீச்சரும் சில ஆண்டுகள் அப்படி இருந்தவர்தான்.

இரண்டாம் ஆண்டில் பிள்ளைகள் 'எங்கள் வீடு' செய்தார்கள். அட்டைப் பெட்டி, துணி, ஐஸ்கிரீம் குச்சி கொண்டு வாரக்கணக்கில் செய்தார்கள். தர்ஷினி செய்ததை நான் பார்த்திருக்கிறேன். மருந்து அட்டைகளால் தடுப்பு வைத்து, பழைய சேலைத் துண்டால் திரை போட்டு, வாசலில் செருப்புகள்கூட இருந்தன. அவள் சொன்னதை டீச்சர் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்:

"இது எங்க வீடு. இது ஷீலா ஆன்ட்டி வீடு. நடுவுல பலகை. ஷீலா ஆன்ட்டி தும்முனா எங்கப்பா இந்தப் பக்கத்துலேர்ந்து 'நூறு வயசு'ம்பாரு. பாத்ரூம் லைன்ல நான்தான் ஃபர்ஸ்ட், ஏன்னா நான் சின்னப் பொண்ணு. ஆபீஸ்காரங்க வந்தா நாங்க எல்லாரும் ஷீலா ஆன்ட்டிக்குச் சொந்தக்காரங்க."

ரெஜியோவில் பள்ளி ஊருக்குச் சொந்தம். ஊரார் வந்து பார்ப்பார்கள். இங்கும் அப்படி வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை தெருவில் இருக்கும் எல்லோரையும் அழைத்தார். மளிகைக் கடைக்காரர், சலவைக் கடைக்காரர், கஃபீல் அம்மையார், அந்தப் பகுதி வில்லாக்களைப் பார்த்துக்கொண்ட ரியல் எஸ்டேட் அலுவலகத்தின் மேலாளர். பல மொழிக்காரர்கள் வருவதால், இத்தாலியில் பார்த்தபடியே, ஒவ்வொரு பிள்ளையின் சொல்லுக்குக் கீழும் ஆங்கிலத்தில் எழுதினார்.

அன்று மதியம் செல்வி பாயசம் கொண்டுவந்தார். சுவரை வாசித்தவர் பாத்திரத்தைக் கீழே வைக்காமலே, "டீச்சர், இத எடுத்துருங்க" என்றார். டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை; அவருக்குத் தெரியும். ஆனால் எடுக்கவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார், தன் பதிலையும் மறைக்காமல். "இது தர்ஷினியின்ரை சொல்லு, செல்வி. நான் கழட்டினால் நாளைக்கு அவள் என்னை நம்பிக் கதைப்பாளே?" கடைசி வரியை மட்டுமாவது மறைக்கச் சொல்லிச் செல்வி கெஞ்சியிருக்கிறார். வருகிறவர்கள் நம் தெருக்காரர்கள், நல்லவர்கள் என்று டீச்சர் சமாதானம் சொன்னார். செல்வி பாயசத்தைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனார். டீச்சரை எதிர்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு மண் விஷயத்தில் மட்டும்தான் இருந்தது.

மேலாளர் வந்தார். நல்லவர்தான். பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழப் பெட்டி கொண்டுவந்தார். சுவரை வாசித்து "அச்சா, அச்சா" என்று சிரித்தார். தர்ஷினியின் வீட்டின் முன் குனிந்து பார்த்தார். இது எந்த வில்லா என்று கேட்டார். அத்தனை நேரம் பிள்ளையின் கைவேலையை ஒருவர் குனிந்து பார்த்ததில் டீச்சர் பூரித்துப்போயிருந்தார். அடுத்த தெரு, சாம்பல் நிறக் கேட், என்று சொன்னார்.

இரண்டு வாரத்தில் அந்த வில்லாவின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. டீச்சர் அழைத்து நான் போனபோது மெத்தைகளும் கேஸ் சிலிண்டரும் ஃபிரிட்ஜும் மணலில் கிடந்தன. பிள்ளைகள் மெத்தை மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். மேலாளரிடம் பேசினேன். பலகைத் தடுப்புகளுக்கு நடுவே திறந்த வயர் போயிருந்ததைக் காட்டினார். தீப்பிடித்தால் ஒருவரும் தப்பியிருக்க மாட்டார்கள், நாளைக்கு நீங்கள்தானே என்னைக் குற்றம் சொல்லி எழுதுவீர்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த விவகாரத்தில் யார் சொன்னதிலும் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் எல்லோரும் வீட்டுக்குள் இருந்திருப்பார்கள்.

மற்ற குடும்பங்கள் தெரிந்தவர்களிடம் போய்விட்டன. செல்வி குடும்பத்துக்குப் போக இடமில்லை. டீச்சர் அவர்களை நர்சரியிலேயே தங்க வைத்தார். பகலில் அவர்களுடைய பெட்டிகளைச் சமையலறைக்குப் பின்னால் அடுக்கி மறைத்தார். கஃபீல் அம்மையாருக்கு விஷயம் போயிற்று. அவர் நேரில் வந்து, உரிமம் போய்விடும், உங்கள் விசாவும் போகும், என் பெயரும் கெடும் என்று அமைதியாகச் சொன்னார். டீச்சர், போகட்டும் என்றார். முருகேசன்தான் குறுக்கே வந்தார். "கலாஸ், போதும் டீச்சர். எங்க பொழப்பு போனதோட நிக்கட்டும்" என்றார். அறை தேடிப் பார்த்தார். பேச்சிலர்களுக்கு இடம் இருந்தது, குடும்பத்துக்கு இல்லை. அவர் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்புக்குப் போனார். மனைவிக்கும் மகளுக்கும் விசாவை ரத்து செய்து டிக்கெட் எடுத்தார்.

விமான நிலையத்துக்கு டீச்சரும் போனார். தர்ஷினி ஓடிவந்து அவர் கையைப் பிடித்திருக்கிறாள். செல்வி மகளின் கையை விடுவித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டீச்சர் இதை என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார். "நான்தான் தெரு, கேட், நிறம் எல்லாம் சொன்னனான், அண்ணை. அந்த ஆள் ஏன் கேக்கிறார் எண்டு நினைக்க முன்னமே சொல்லிப்போட்டன்." என்னால் முடிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். ஷேரிங் வீடுகளைத் தேடித் தேடிக் காலிசெய்துகொண்டிருந்த நேரம் அது. இன்றில்லாவிட்டால் நாளை நடந்திருக்கும் என்றேன். "நாளைக்கு நடந்தால் நாளைக்கு. இன்னுமொரு நாள் அப்பாவோடை இருந்திருப்பாள்" என்றார்.

அடுத்த வாரம் சுவர் காலியாக இருந்தது. அதன்பின் அங்கே எழுத்து அட்டைகள் வந்தன. ஆப்பிள், பந்து, பூனை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உரக்கச் சொன்னார்கள். பெற்றோர் மகிழ்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் பேச்சு பரவி, இடம் போதாமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தது. ஒருநாள் நான் போயிருந்தபோது ஒரு சிறுவன் ஜன்னலைக் காட்டி அவரிடம் என்னவோ சொல்ல வந்தான். "பிறகு, ராசா, பிறகு" என்று அவன் தலையைத் தடவி உட்கார வைத்தார். பிறகு என்னிடம், "இப்ப ஒருத்தரும் குறை சொல்லிறேல்லை" என்றார்.

நன்றாக நடந்துகொண்டிருந்த நர்சரியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சோஹாருக்குத் தம்பியிடம் போனார். அங்கே பாலர் பள்ளிகள் இருந்தன, அவர் விண்ணப்பிக்கவில்லை. தொழிலாளர்கள் வந்த நேரம், போன நேரம் பதிவுசெய்யும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். ஊர்ச் செய்திகள் மோசமாகிக்கொண்டிருந்தன. அம்மாவைப் பற்றிப் பேசினார். இத்தாலியைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, "அது அவையளின்ரை ஊர், அண்ணை. சொன்னாலும் வீட்டை விட்டுத் துரத்த மாட்டினம்" என்றார். அவருடைய ஆசிரியத் தொழிலைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட கடைசி வார்த்தை அது.

அடக்கம் முடிந்து ஷார்ஜா திரும்பிய பின் முருகேசனுக்குச் சொன்னேன். அவர் இன்னும் கேம்ப்பில்தான் இருக்கிறார். இடையில் ஒரே ஒரு தடவை லீவில் போய் வந்திருக்கிறார். செல்வியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் சார் என்று அறந்தாங்கி எண்ணைக் கொடுத்தார்.

செல்வியிடம் சொன்னேன். அழுதார். அழுகைக்கு நடுவே, டீச்சர் மாதாமாதம் போன் செய்துகொண்டிருந்ததாகச் சொன்னார். எனக்கு அது புதுச் செய்தி. "ஒரு தடவகூட எடுக்கல சார். அவங்க நம்பரப் பாத்தாலே போனத் தள்ளி வெச்சிருவேன். கோவம் போயிருச்சு, ரொம்ப நாளாச்சு. ஆனா எடுத்தா என்னன்னு பேசறது? இப்பக் கொஞ்ச நாளா வரல. விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்."

தர்ஷினி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மெட்ரிக்குலேஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, நல்ல மார்க், ஒரு தொந்தரவும் கிடையாது என்றார். "வகுப்புலயே அமைதியான புள்ள இவதான்னு மிஸ் சொல்றாங்க. ஊருக்கு வந்தன்னிக்கே சொல்லிட்டேன் சார், நீ பேசினதாலதான் வீடு போச்சுன்னு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன்." பிறகு போனை விலக்கி, "இங்க வா, டீச்சருக்குத் தெரிஞ்ச அங்கிள். ஒரு வார்த்தை பேசு" என்றது கேட்டது.

போன் கைமாறியது. நான் என் பெயரைச் சொன்னேன். முவைலா ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். டீச்சர் உன்னைப் பற்றி அடிக்கடிப் பேசுவார் என்றேன். மறுமுனையில் ஒரு குழந்தை மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் போனைக் கீழே வைக்கவில்லை. நேசமலர் டீச்சர் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுக் காத்திருப்பது போல நானும் பேசாமல் காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

போய் உறங்குங்கள், டீச்சர். உங்கள் பிள்ளைகளில் அதிகம் பேசியவளிடமிருந்து ஒரு சொல்லாவது வாங்கி, அதோடு உங்களை அனுப்பி வைக்க நினைத்தேன். முடியவில்லை.